அணில் தின்ற ஜபமணி

உங்களைக் கொஞ்சிக்கொண்டிருந்த கை திடீரென்று வேறொன்றைக் கொஞ்ச ஆரம்பித்தால் உங்களுக்கு வயிறு எரியாதா? அணிலுக்கு எரிந்தது.

மரமும் பறவையும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிய அந்தக் காலத்தில், தாமரைக் குளத்துக் கரையில் வேலாத்தாள் என்றொருத்தி இருந்தாள். காலையில் அவள் பொரியோடு வெளியே வந்தால் போதும், அணில் இலுப்பை மரத்திலிருந்து நேரே அவள் மடிக்குத்தான் இறங்கும். அவளும் அதன் முதுகைத் தடவிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசுவாள்.

ஒரு நாள் அவள் கையில் பொரி இல்லை. நூற்றெட்டுத் தாமரை விதைகளைக் கோத்த ஜபமாலை இருந்தது. கண்ணை மூடி, மணிக்கு ஒரு ‘சிவ சிவ’ என்று உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, நான் வந்துட்டேன்.”

வேலாத்தாளின் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது.

“அக்கா, மைனா வீட்டுச் சண்டை தெரியுமா?”

இன்னொரு மணி உருண்டது. ஜபம் முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். “கோவிச்சுக்காதடி. என் மனசும் உன்னை மாதிரிதான், ஒரு கிளையில நிக்குதா? இதை உருட்டினாத்தான் கொஞ்சம் அடங்குது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்படியே பத்து நாள் போயிற்று. காகம் வேறு கிண்டல் செய்தது. “என்னடி, வாயில்லாத விதை உன் இடத்தைப் பிடிச்சிருச்சாமே?”

அணிலுக்குத் தாங்கவில்லை. வேலாத்தாள் மாலையை மாடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போன நேரம், ஓடிப்போய் நூலை நறுக்கென்று கடித்தது. மணிகள் தரையெங்கும் சிதறி ஓடின. “அவ கையில உருளுறதுக்கு நீ என்ன என்னைவிட அழகா?” என்று ஒன்றைப் பிடித்துக் கடித்துத் தின்றேவிட்டது. ஒரே கசப்பு. அதிலும் அதற்கு ஒரு சந்தோஷம்.

திரும்பி வந்த வேலாத்தாள் குடத்தை இறக்கிவிட்டு, மண்டி போட்டுப் பொறுக்கினாள். நூற்றேழு மணிதான் இருந்தது. அணிலைப் பார்த்தாள். மீசையில் துகள் ஒட்டியிருந்தது.

“தின்னுட்டியா?”

“அது வந்ததிலிருந்து நீங்க என்னைத் தொடவே இல்லை” என்றது அணில்.

வேலாத்தாளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. “ஜபமணியைத் தின்னவ சும்மா இருக்கக் கூடாது. இனிமே எந்தக் கொட்டை கிடைச்சாலும் ரெண்டு கையாலயும் உருட்டி, மந்திரம் சொல்லிட்டுத்தான் நீ கடிக்கணும். நானும் அந்த மணி இருந்த இடத்துல ஒரு முடிச்சுப் போட்டுக்கறேன். முடிச்சு வர்றப்போ உன் தலையைத் தொட்டுச் சொல்றேன், போதுமா?”

அன்று முதல்தான் அணில் எதைத் தின்றாலும் இரு கையாலும் உருட்டி உருட்டி, வாயை முணுமுணுத்துக்கொண்டே தின்கிறது.

மறுநாள் காலை நூற்றேழு மணியும் உருளும்வரை அணில் அசையாமல் காத்திருந்தது. முடிச்சு வந்தது. வேலாத்தாளின் விரல் அதன் தலையை ஒரே ஒருமுறை தடவியது. அணில் ஓரக்கண்ணால் மாலையைப் பார்த்தது.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு மணி தின்ன விடுங்கக்கா.”