சிவப்பில் நின்ற முள்

பூங்கோதை பந்தயக் கார்களுக்கு வயரிங் பார்ப்பவள். மாசிலாமணி அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். பல வருடம் லாரி ஓட்டி, முதுகு ஒத்துழைக்காமல் போனபிறகு வந்து சேர்ந்தவர். வயதில் அவளைவிட மூத்தவர். ஆனாலும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். அவள் ‘அண்ணா’ என்பாள்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கார் பந்தயம். கடைசிச் சுற்றுக்கு முன்னால் கார்கள் ஒரு தென்னந்தோப்பில் சிறிது நேரம் நிற்கும். பழுது எதுவானாலும் அதற்குள் பார்த்துவிட வேண்டும். தாமதமாகக் கிளம்பினால் அந்த நேரம் கணக்கில் ஏறிவிடும்.

சுகிர்தாவின் கார் புழுதியோடு வந்து நின்றது. அவள்தான் முதலிடத்தில் இருந்தாள். இறங்கும்போதே கத்தினாள்.

“அக்கா! டேஷ்போர்டுக்குப் பேய் பிடிச்சிருக்கு!”

“என்ன பண்ணுது?”

“பெட்ரோல் முள் ஏறுது, இறங்குது. ஆயில் லைட் விட்டுவிட்டு எரியுது. ஹீட் முள் சிவப்புல ஆடுது. எதைப் பாத்து நான் ஓட்டறது?”

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லும் லாரன்ஸ், கையில் கடிகாரத்தோடு வந்தான். “சீக்கிரம்க்கா. மத்த வண்டியெல்லாம் ரெடியாயிடுச்சு.”

மாசிலாமணி அதற்குள் புது டேஷ்போர்டுப் பேனல் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“மாஸ்டர், கழட்டி மாத்திடலாமுங்களா?”

பூங்கோதை காரின் ஜன்னலருகே போனாள். கைவிட்டு ஹெட்லைட்டைப் போட்டாள். முட்கள் துள்ளின. அணைத்தாள். விழுந்தன. மறுபடி போட்டாள்.

“என்ன பாத்தீங்க?”

“எல்லா முள்ளும் குதிக்குதுங்க.”

“ஒவ்வொண்ணாவா?”

மாசிலாமணி குனிந்து பார்த்தார். “இல்லீங்க. ஒண்ணா.”

அவள் ஒரு வயர்த் துண்டை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு முனையைப் பேனலுக்குப் பின்னால் வைத்தார். மறுமுனையைக் கதவுக் கீலின் இரும்பில் தொட்டார். ஆட்டம் சட்டென்று நின்றது. ஆயில் லைட் அணைந்தது. பெட்ரோல் முள் பாதியில் போய் அமர்ந்தது.

“எர்த்து!” மாசிலாமணி கத்தியே விட்டார். “பேனல்ல ஒரு கொறையும் இல்லீங்க மாஸ்டர்! கரண்டு திரும்பிப் போக வழியில்லாம தவிச்சிருக்குது!”

“அப்ப வழி பண்ணுங்க.”

முதுகு வலியெல்லாம் எங்கே போனதோ, அவர் மல்லாந்து ஸ்டியரிங்குக்கு அடியில் புகுந்தார். எர்த் வயரின் போல்ட் கையில் பட்டது. பந்தயத்துக்காகக் காருக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். போல்ட் உட்காரும் இடத்திலும் அடித்து, அதன்மேலேயே முறுக்கியிருந்தார்கள். அவர் போல்ட்டைக் கழற்றினார். பிளேடால் சுரண்டினார். பெயின்ட் முகத்தில் உதிர்ந்தது. இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் போல்ட்டை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

“ஸ்டார்ட் பண்ணும்மா!”

சுகிர்தா சாவியைத் திருகினாள். ஹெட்லைட்டைப் போட்டாள். எதுவும் குதிக்கவில்லை. லாரன்ஸ் கை தட்டினான்.

பிறகு எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஹீட் முள் மட்டும் சிவப்பிலேயே நின்றது. ஆடவில்லை. அசையாமல் நின்றது.

மாசிலாமணியின் முகம் செத்துவிட்டது. “என் வேலைதான் எங்கியோ சரியில்லீங்க” என்று திரும்பவும் அடியில் புகப் போனார்.

“அது ஒண்ணு இன்னும் பொய் சொல்லுது, அவ்வளவுதான்” என்றான் லாரன்ஸ். “விடுங்கண்ணா. இன்னும் ஒரே சுற்றுதான். ஏறு சுகி, நேரமாச்சு!”

பூங்கோதை மாசிலாமணியின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

“இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுனீங்களா?”

“சுரண்டுனேனுங்க.”

“இறுக்குனீங்களா?”

“இதுக்கு மேல இறுகாதுங்க.”

“அப்ப வண்டியை ஆஃப் பண்ணு சுகிர்தா.”

“அக்கா! முதல் இடம்க்கா!” லாரன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பூங்கோதை மாசிலாமணியைப் பார்த்து பானெட்டைக் காட்டினாள். அவர் திறந்தார். வெக்கை முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. விரிசலிலிருந்து ஆவி சன்னமாகச் சீறியது. அடியில் மண் நனைந்து கிடந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். லாரன்ஸ் தண்ணீர் கேன் எடுக்க, சுகிர்தா புதுக் குழாய் எடுக்க. சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. அந்தக் காத்திருப்புதான் கொடுமை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போயின. முதலில் போக வேண்டிய கார் கடைசியாகப் போனது.

தோப்பில் ஒலிபெருக்கி ஒவ்வொரு காரின் நேரத்தையும் சொன்னது. சுகிர்தாவின் பெயர் வந்தபோது மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சுற்றில் அவளைவிட வேகமாக யாரும் ஓட்டவில்லை. தாமதத்தையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டாவது இடம்.

கார் திரும்பி வந்ததும் சுகிர்தா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். “ஒரே ஒரு தடவை முள்ளைப் பாத்தேன்ணா! நடுவுல நின்னுச்சு! அப்புறம் பாக்கவே இல்ல. மிதிச்சேன் பாருங்க, அப்படி ஒரு மிதி!”

லாரன்ஸ் இறங்கி வந்து மாசிலாமணியைக் கட்டிப்பிடித்தான்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் மாசிலாமணி பூங்கோதையிடம் வந்தார். அவள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கண்ணா.”

“அந்த முள்ளு காலையில இருந்து பொய்தான் சொல்லிட்டு இருந்துச்சு. கடைசியா சொன்னதை மட்டும் எப்படி நம்புனீங்க?”

“முள்ளை யாருங்ணா நம்புனது?” என்றாள் பூங்கோதை. “நீங்க முறுக்குன போல்ட்டை நம்புனேன்.”