‘வழங்கு’ என்ற வரி

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அந்த மென்பொருள் நிறுவனம் இருந்தது. அங்கே குரு வயதில் இளையவர், சீடர் மூத்தவர். குரு பொற்கொடிக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சீடர் சங்கரபாண்டியனுக்கு மீசை நரைத்துவிட்டது. மஸ்கட்டில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

அவர் பொற்கொடியை டீச்சர் என்பார். பொற்கொடி அவரை அண்ணாச்சி என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

பொற்கொடியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார். அலுவலகத்தில் பாதிப் பேர் இதனாலேயே அவரிடம் எதையும் கேட்பதில்லை. சங்கரபாண்டியன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொற்கொடி பிரசவ விடுப்பில் இருந்த நேரத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கிக்கான மென்பொருளைச் சங்கரபாண்டியன் தனியாளாக முடித்துக் கொடுத்தார். திரையின் உச்சியில் ஒரு மெனுப் பட்டை. அதில் கொடையாளர், பரிசோதனை, ரத்தம், அறிக்கை என்று தலைப்புகள். தலைப்பைச் சொடுக்கினால் அதன் கட்டளைகள் வரிசையாகக் கீழே இறங்கும். எல்லா மென்பொருளிலும் உள்ளதுதான்.

அவர் அதில் ஒரு நேர்த்தி சேர்த்திருந்தார். மெனு விரிவதற்குச் சற்று முன்னால் அவருடைய நிரல் ஓடிப் போய்ப் பார்க்கும். இந்த நேரத்தில் எது செய்ய முடியும், எது முடியாது? முடியாத கட்டளையை மெனுவிலிருந்தே மறைத்துவிடும். முடியும் என்று ஆனதும் திரும்பக் காட்டும். மெனு எப்போதும் சின்னதாக, துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மருத்துவமனைக்காரர்கள் பார்த்துவிட்டு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

பொற்கொடி வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அந்த ரத்த வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் இசக்கியம்மாள். அங்கே ரத்தப் பைகளைப் பரிசோதித்து எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார். அது அங்கன இல்ல சார்.”

“எதும்மா இல்ல?”

“வழங்கு. ரத்தம்னு போட்டிருக்குல்லா, அதத் தொறந்தா வழங்குன்னு ஒண்ணு வரும்லா. அது இல்ல சார். நான் எல்லாத்தையும் தொறந்து பாத்தேன். கம்ப்யூட்டர அமத்திட்டு மறுபடி போட்டும் பாத்தேன்.”

நடந்தது இதுதான். பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் வேண்டும் என்று ஆள் ஓடி வந்தார். இசக்கியம்மாள் பொருத்தம் பார்த்து, முடிவைக் கணினியில் ஏற்றிவிட்டார். பையை எடுத்துக் கொடுக்க மெனுவைத் திறந்தால் ‘வழங்கு’ என்ற வரியே இல்லை. கணினியில் ஏற்றாமல் பை வெளியே போகக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். தேடினார், அணைத்துப் போட்டார், மறுபடி தேடினார். கடைசியில் பிரசவ அறை மருத்துவரே இறங்கி வந்து சத்தம் போட, கையால் எழுதிப் பையைக் கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் தீவிர சிகிச்சை வரைக்கும் போய்த்தான் மீண்டாள்.

ஏன் தாமதம் என்று மேலாளர் கேட்டார். ‘வழங்கு’ அங்கே இல்லை என்றார் இசக்கியம்மாள். மேலாளர் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மெனுவைத் திறந்தார். ‘வழங்கு’ இருந்தது. பளிச்சென்று இருந்தது.

“எல்லாரு முன்னாடியும் சிரிச்சிட்டாங்க சார். கையாலாகாத்தனத்த மறைக்கப் பொய் சொல்லுதேன்னு சொல்லுதாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. வேலைய விட்டு எடுத்துருவாங்க போல. வேல போனாக்கூடப் போவுது சார். நான் பொய் சொல்லல.”

“பாக்கேம்மா” என்று மட்டும் சொன்னார் சங்கரபாண்டியன்.

அவர் பார்த்தார். அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பரிசோதனை முடிவை ஏற்றிய பிறகு மருத்துவர் ஒருவர் அதற்குத் திரையில் ஒப்புதல் தர வேண்டும். தந்தால்தான் ரத்தம் வழங்கலாம். மற்ற நாட்களில் அது உடனே வந்துவிடும். அன்று ஒப்புதல் தர வேண்டிய மருத்துவர் அறுவைக் கூடத்துக்குள் இருந்தார், ஒப்புதல் பிறகுதான் வந்தது. வராத வரைக்கும் வழங்க முடியாது. வழங்க முடியாததால் நிரல் அந்த வரியை மறைத்தது. மேலாளர் வந்து பார்த்தபோது ஒப்புதல் வந்திருந்தது, வரியும் வந்திருந்தது. நிரல் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

அதற்குள் மருத்துவமனை மேலாளரும் கூப்பிட்டுவிட்டார். “நாலு மணிக்குக் கூப்பிடுவேன் சார். அன்னைக்கு உங்க மென்பொருள்ல எதுவும் பிழை இருந்துதா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க போதும்.”

சங்கரபாண்டியன் குருவின் மேசைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

“டீச்சர், செய்ய முடியாத ஒண்ண எதுக்கு மெனுவுல காட்டணும்? மூடின கதவ ஒருத்தருக்குக் காட்டி என்ன பிரயோசனம்? நான் மறைச்சதுல தப்பு இருக்கா?”

பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்தார். “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, வாரேன்” என்று எழுந்து போய்விட்டார்.

சங்கரபாண்டியன் தன் இடத்துக்கு வந்து நிரலை மறுபடி படித்தார். பிழை இல்லை. இன்னொரு தடவை படித்தார். அப்போதும் இல்லை. நாக்கு வறண்டுவிட்டது. சித்திரை வெயில், மேல்மாடி வேறு. தண்ணீர் குடிக்க எழுந்தார்.

ஜன்னலோரத்தில் தண்ணீர் கேன் இல்லை. கேனை வைக்கும் இரும்பு ஸ்டாண்டும் இல்லை. டம்ளர்கூட இல்லை. அந்த மூலையில் தரை மட்டும் இருந்தது.

இடத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து வராந்தாவில் தேடினார். மாடிப்படிக்குக் கீழே தேடினார். பிரிண்டர் வைத்திருக்கும் அறையிலும் எட்டிப் பார்த்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. கோடியில் இருந்த முதலாளி ஆவுடையப்பன் அறைக்குப் போய், இந்த வெயிலில் குடிக்கத் தண்ணீர்கூட வைக்காமல் ஒரு ஆபீஸா என்று பொரிந்து தள்ளினார்.

ஆவுடையப்பன் பதறிப் போய் அவரோடு வந்தார். கேன் ஜன்னலோரத்தில் இருந்தது. ஸ்டாண்டு மேல், கழுத்து வரை தண்ணீரோடு. டம்ளரும் பக்கத்தில் இருந்தது.

“இது என்ன அண்ணாச்சி?” என்றார் ஆவுடையப்பன்.

“இப்பதான பாத்தேன். இல்ல.”

“இல்லையா?”

“சத்தியமா இல்ல சார். ஸ்டாண்டே இல்ல.”

ஆவுடையப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “மஸ்கட் வெயில்லயே ஒண்ணும் ஆகல. நம்மூரு வெயில் ஒரே நாள்ல ஆளச் சாச்சிட்டு பாருங்க.” சுற்றியிருந்த இளவட்டங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கணக்குப் பிரிவிலிருந்த பெண், கண்ணாடி மாற்றி எவ்வளவு நாளாச்சு சார் என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆவுடையப்பன் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். சங்கரபாண்டியன் தண்ணீரைத் தொடவில்லை.

பொற்கொடி தன் மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“கேன் காலியாயிட்டு அண்ணாச்சி. நான்தான் ஸ்டாண்டோட எடுத்து உள்ள வைக்கச் சொன்னேன். நீங்க அந்தப் பக்கம் போனிய, கேன்காரர் வந்து புதுசு வச்சிட்டுப் போனாரு.”

“எடுத்து உள்ள வச்சியளா? எதுக்கு?”

“காலிக் கேன்ல தண்ணி பிடிக்க முடியாதுல்லா? முடியாதத எதுக்குக் கண்ணுக்குக் காட்டணும்னு நெனச்சேன்.”

சங்கரபாண்டியனுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அதனால் குரு சொன்னது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை.

“காலின்னா காலியாவே இருந்துட்டுப் போவுது டீச்சர்! அது அங்கன இருந்தா, தண்ணி தீந்துட்டுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். கேன்காரருக்கு நானே போன் போட்டிருப்பேன். இப்ப ஊரெல்லாம் தேடினதும் இல்லாம, இத்தன பேரு முன்னாடி என்னையப் பொய்யனாக்கிட்டியளே. நான் கண்ணால பாத்தத ஒருத்தரும் நம்பல. நானே…”

அங்கே நின்றுவிட்டார்.

பொற்கொடி ஒரு சுளையைப் பிய்த்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. சிரித்தவர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவர் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் தொலைபேசியில் கேட்ட குரல் இப்போதுதான் அவருக்கு முழுதாகக் கேட்டது.

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு கட்டளையை மறைப்பதற்கும் மங்கலாக்கிக் காட்டுவதற்கும் நிரலில் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லை மாற்றினார். ஓட்டினார். மெனுவைத் திறந்தார். ‘வழங்கு’ அதன் இடத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தது. சொடுக்கினால் எதுவும் நடக்காது. ஆனால் இருந்தது.

குருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“மங்கலா இருக்கு” என்றார் பொற்கொடி.

“ஆமா டீச்சர். இப்ப முடியாதுன்னு அர்த்தம்.”

“ஏன் முடியாது?”

“டாக்டர் ஒப்புதல் வரல.”

“அது ஒங்களுக்குத் தெரியும்.”

சங்கரபாண்டியன் தலையாட்டினார். மறுபடி உட்கார்ந்தார். மங்கலான வரியின் மேல் சுட்டியை வைத்தால், சாளரத்தின் அடியில் உள்ள பட்டையில் ‘மருத்துவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுத்து வரும்படி செய்தார். அப்படியே மற்ற மெனுக்களுக்குள்ளும் போனார். தான் மறைத்து வைத்தவை எத்தனை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்தார். மெனு நீண்டுவிட்டது. பழைய அழகு போய்விட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

முடித்தபோது உடம்பு லேசானது போல் இருந்தது.

“டீச்சர், இன்னைக்கே அனுப்பிருதேன். மாசா மாசம் போற அப்டேட்தான, அதோட சேத்துப் போயிரும். யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. இனி அந்தம்மாவுக்கு இப்படி ஒரு கஷ்டம் வரவே வராது.”

பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்தார். நாலாகப் போகிறது.

“நம்ம கம்பெனிக்கும் கெட்ட பேரு இல்ல” என்றார் சங்கரபாண்டியன்.



மேசை மேல் இருந்த கைபேசி அடித்தது. மருத்துவமனை மேலாளர். சங்கரபாண்டியன் எடுத்தார்.

“சார், விசாரணை நடக்குது. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அந்தம்மாவும் இருக்காங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்கு உங்க மென்பொருள்ல பிழை இருந்துதா?”

சங்கரபாண்டியன் கைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குருவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப் போயிருந்தது.

“பிழை இல்லன்னு சொல்லிரட்டுமா டீச்சர்? அது பொய் இல்லையே. நிரல் சொன்னபடிதான் செஞ்சிருக்கு. அதான் இப்ப மாத்தியும் ஆச்சே.”

பொற்கொடி அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“இதையும் மறைக்கப் போறியளா அண்ணாச்சி?”

மறுமுனையில் மேலாளர் ஹலோ, ஹலோ என்றார். சங்கரபாண்டியன் கைபேசியிலிருந்து கையை எடுத்தார்.

“சார், அந்தம்மா சொன்னது நெசம். அவங்க பாத்தப்ப அது அங்க இல்ல. நான்தான் மறைச்சிருந்தேன்.”