குமுதவல்லியின் குத்துவிளக்கு

"எல்லாத்தையும் தேய்ச்சுட்டேன் அம்மா. இதை மட்டும் தேய்க்கச் சொல்லாதீங்க."

தில்லைநாயகம் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். மடத்து விளக்குகள் எல்லாம் புளி போட்டுத் துலக்கி, துணிமேல் வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த வாரம் கார்த்திகை.

மடத்துத் தலைவி உமையம்மை அவரைவிட வயதில் இளையவர். மனைவி குமுதவல்லி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, அவரிடம் உபதேசம் கேட்கத்தான் தில்லைநாயகம் வந்திருந்தார். கையோடு கொண்டுவந்தது இந்த விளக்கு ஒன்றுதான்.

"ஏன், இதுக்கென்ன? பச்சை பூத்துக் கிடக்குதே."

"குமுதவல்லி விளக்கு. அவ போனதிலிருந்து ஏத்தல."

"ஏத்தாத விளக்கை எதுக்கு ஐயா சுமந்துட்டு வந்தீங்க?"

தில்லைநாயகம் விளக்கின் தண்டைத் திருப்பிக் காட்டினார். பழுப்பேறிய பித்தளையில் கறுப்பாய் ஒரு கட்டைவிரல் தடம். ரேகைகூடத் தெரிந்தது. நடுவே குறுக்காக ஒரு மெல்லிய கோடு.

"அவ விரல். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல நான். இது ஒண்ணுதான் மிச்சம். தேய்ச்சா இதுவும் போயிடும்."

"விளக்கா இது, கல்வெட்டா?"

அவர் முகம் வாடியதைக் கண்டதும் உமையம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார். குனிந்து தடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, அப்போதுதான் துலக்கிய பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார்.

"நல்லா அழுத்தி. ம், போதும். கொடுங்க."

முந்தானையால் வாங்கிக்கொண்டுபோய் மாடத்தில் வைத்தார்.

"உபதேசம் கேட்டேனே அம்மா?"

"மாடத்துல இருக்கு. பழுக்கட்டும்."

கார்த்திகைக்கு முதல் நாள் சொம்பைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்.

விரல் பட்ட இடம் கறுத்திருந்தது. கட்டைவிரல் தடம். நடுவே குறுக்காக ஒரு கோடு.

தில்லைநாயகம் சொம்பைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தம் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். இளவயதில் பாக்குவெட்டி வெட்டிய தழும்பு. விளக்கில் இருந்த கோட்டைப் பித்தளையில் விழுந்த கீறல் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை தவறாம துலக்குவா," என்றார். "காய்ஞ்சதும் பூஜை அறைக்கு எடுத்துட்டுப் போறது நான். 'வெறுங்கையால தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தோள்ல துண்டு எதுக்குக் கிடக்கு, அழகுக்கா?'ன்னு வைவா. அடுத்த வாரம் உட்கார்ந்ததும் அந்தக் கறையைத்தான் முதல்ல தேய்ப்பா."

"அவங்க விரல் எங்கேயும் படாதா?"

"அவ முந்தானையாலதான் பிடிப்பா."

உமையம்மை புளி கரைத்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

தில்லைநாயகம் அடித்தட்டைத் தேய்த்தார். மேல்தட்டை, முகங்களை, உச்சி அன்னத்தைத் தேய்த்தார். தண்டை மட்டும் விட்டுவைத்தார். கிண்ணத்தில் புளி தீரப் போகிற நேரத்தில் அதையும் தேய்த்தார்.

கழுவி வெயிலில் வைத்தபோது, அவள் துலக்கி வைத்த விளக்குப் போலவே இருந்தது. தண்டில் ஒன்றும் இல்லை.

"ஐயா, எண்ணெயும் திரியும் எடுத்து வெச்சாச்சு. விளக்கை உள்ளே கொண்டாங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தில்லைநாயகம் விளக்கை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"சரி, சரி. எடுக்கறேன்டி," என்று முணுமுணுத்துக்கொண்டே தோளிலிருந்து துண்டை உருவினார்.