ஆகாயத்தாமரையும் மூன்று அண்ணன் தம்பிகளும்

புளியரைப்பட்டியில் சொந்தக் குளம் இருந்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அதைக் கட்டி ஆள மூன்று அண்ணன் தம்பிகள்: ஆவுடையப்பன், கோமதிநாயகம், சிவனணைந்தான். மூன்று தலைகளிலும் இருந்ததை வழித்தெடுத்துச் சேர்த்தாலும் ஒரு கோழிக்குக் காணாது.

குளத்தில் கெண்டை வளர்த்தார்கள். பங்குனியில் பிடித்து விற்றால்தான் வருஷம் பூராவும் அடுப்பெரியும். ஆனால் தை பிறக்கும்போதே ஆகாயத்தாமரை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பாய் விரித்துவிட்டது. மூச்சுமுட்டிய மீன்கள் காலையில் இலைச் சந்துகளில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சில செத்து மிதந்தன. மீன்கள் தன்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவதாக ஆவுடையப்பன் வருத்தப்பட்டான்.

மீன்வளத்துறையிலிருந்து பிரிசில்லா என்ற அதிகாரி வந்து பார்த்தார். செடியை வேரோடு பிடுங்கிக் கரையேற்ற வேண்டும், துண்டு மிஞ்சினாலும் மறுபடி பெருகிவிடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். தெளிவாகச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் மூவரும் தண்ணீரில் இறங்கினார்கள். ஆகாயத்தாமரை மிதக்கிற செடி. தொட்டதும் கையோடு வந்தது. சிவனணைந்தான் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் யோசித்தான்.

"அண்ணே, இது பிடுங்கினதுல சேராது. தானா வந்துட்டு."

"மேடம் பிடுங்கத்தான் சொன்னாங்க," என்றான் ஆவுடையப்பன். "தானா வந்ததை எடுத்து வச்சுக்கிட்டு பிடுங்கினோம்னு எப்படிலே பொய் சொல்றது?"

"ஊனினாத்தான் பிடுங்க முடியும்," என்று கோமதிநாயகம் வழக்கைத் தீர்த்துவைத்தான்.

ஆகவே சாயங்காலம்வரை கரைச் சேற்றில் வரிசை பிடித்து ஆகாயத்தாமரை நட்டார்கள். நன்றாக வேர்விட்டபிறகு பிடுங்குவதாக ஏற்பாடு. வேர்விட வேண்டுமே என்று எருவும் போட்டார்கள். செடி அவர்களை ஏமாற்றவில்லை, கரையையும் பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை வந்த பிரிசில்லா கரை நெடுக நடந்து பார்த்தார். பிறகு, பிடுங்குவதை விட்டுவிடுங்கள், ஒரு மூலையிலிருந்து வெயில் படாமல் மறைத்துக்கொண்டே வந்தால் செடி அழுகிவிடும் என்றார். கறுப்புத் தார்ப்பாய் என்று அவர் சொல்வதற்குள் கோமதிநாயகம் குடை எடுக்க வீட்டுக்கு ஓடிவிட்டான்.

அன்றிலிருந்து மூவரும் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, ஆளுக்கொரு குடையைச் செடிகளுக்குப் பிடித்தார்கள். சூரியன் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். மேகம் மறைத்தால் குடையை மடக்கி ஓய்வெடுத்தார்கள். மாடு மேய்க்க வந்தவர்கள் மாட்டை மறந்துவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்தார்கள். குடைக்கு வெளியே இருந்த மூன்று மண்டைகளும் வெயிலில் கொப்பளித்தன. செடிகள் நிழலில் சுகமாகக் குட்டி போட்டன. மீன்கள் மேலும் செத்தன.

இதைக் கண்டதும் பிரிசில்லாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்க. இந்தக் குளத்துல ஒண்ணு களை இருக்கணும், இல்ல மீன் இருக்கணும். ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாது. ஏதாவது ஒண்ணை வெளியே எடுத்துத்தான் ஆகணும்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு கஷ்டம் உண்டா என்று சகோதரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது மூவரும் சிரித்த முகத்தோடு வாசலில் நின்றார்கள். வேலை முடிந்தது என்றார்கள். எதிரே குளம் முன்னைவிடப் பச்சையாகக் கிடந்தது.

"களை அப்படியேதானே இருக்கு?"

"மீனை எடுத்துட்டோம்," என்றான் ஆவுடையப்பன். "களை ஏகப்பட்டது கிடக்கு மேடம். மீன் கொஞ்சந்தான் மிச்சம். எதை எடுக்கது சுலபம்னு நீங்களே சொல்லுங்க."

மீனெல்லாம் வீட்டுக்குள் இருந்தன. அண்டா, குடம், தவலை, குளிக்கிற தொட்டி, எதுவும் பாக்கியில்லை. கஞ்சி காய்ச்சக்கூட ஒரு பாத்திரம் விடவில்லை என்று ஆவுடையப்பன் மனைவி சண்முகவடிவு தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பிரிசில்லா முற்றத்திலிருந்த அண்டாவை எட்டிப் பார்த்தார். மீன் தெரியவில்லை. மேலே பச்சையாக என்னவோ அடர்ந்திருந்தது.

"முற்றத்துல வெயில் அடிக்கு மேடம்," என்றான் சிவனணைந்தான், அடக்கமாக. "மீனுக்கு நிழல் வேணுமேன்னு பாத்திரத்துக்கு ஒரு செடி எடுத்துப் போட்டோம். குளத்துலதான் ரெண்டும் சேரமாட்டேங்குது. அண்டாவுல நல்லாவே ஒத்துப்போகுது."