கூரன் பழுதுபார்த்த படகு

ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அது கடலில் போய் முடிந்தது. கடைசி மரத்தின் வேரை அலை வந்து நனைத்துவிட்டுப் போகும். அந்தக் கரையில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. அதற்கு ஒரு பாய்மரப் படகும், செம்பி என்ற மனைவியும், இரண்டு குட்டிகளும், ஓயாத கவலையும் இருந்தன. கவலை வந்தால் அதன் முதுகு முட்கள் சிலிர்த்து நிற்கும். பெரும்பாலும் நின்றபடியேதான் இருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் கூரன் குடும்பத்தோடு எதிரே இருந்த தீவுக்குப் போனது. அங்கே கிழங்குகள் ஏராளம். ஆனால் போகும் வழியில் படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து, ஒரு குட்டியின் கால் நனைந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூரனுக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

"இந்தப் படகில் குட்டிகளைத் திரும்ப ஏற்ற மாட்டேன். நான் மட்டும் போய்ப் பழுதுபார்த்துக் கொண்டு வருகிறேன். குங்கிலிய மரம் நம் காட்டில்தானே இருக்கிறது?" என்றது.

"சீக்கிரம் வந்துவிடுங்கள்," என்றது செம்பி. "கோடையில் இந்தத் தீவின் ஊற்று வற்றிவிடும். மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் கடலையும் கடக்க முடியாது."

"அதற்குள் வராமல் இருப்பேனா?"

காட்டுக் கரைக்கு வந்ததும் கூரன் படகை மணல்மேட்டில் இழுத்துப் போட்டது. ஈரப் பலகையில் குங்கிலியப் பிசின் ஒட்டாது. அதனால் நல்ல வெயிலில் காயவைத்தது. கசிந்த இடத்தைத் தேடிப் பிடித்தது. தன் முள் ஒன்றைப் பிடுங்கி, அதைக் கொண்டு பலகை இடுக்கில் இலவம்பஞ்சைத் திணித்தது. அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசியது. பாயின் கிழிசலைத் தைத்தது. சுக்கான் கயிற்றை மாற்றியது. வழிக்கு வேண்டிய கிழங்குகளை ஒரு கூடையில் நிரப்பிப் படகின் நிழலில் வைத்தது.

வேலை முடிந்தது. காலையில் புறப்பட வேண்டியதுதான்.

காலையில், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமே என்று படகுக்குள் குனிந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது.

முட்கள் சிலிர்த்தன.

"நேற்று இது இல்லையே! நான் சரியாகப் பார்க்கவில்லையோ?"

படகின் நிழலில் நரி ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்தது. "நல்லவேளை பார்த்தீர்கள் அண்ணே," என்றது அது. "குட்டிகளை ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் பார்த்திருந்தால்?"

கூரன் உடனே அந்த இடுக்கிலும் பஞ்சு திணித்தது. மறுநாள் வேறோர் இடத்தில் வெளிச்சம். அதை அடைத்தால் அடுத்த நாள் இன்னும் இரண்டு.

"ஈரம் இன்னும் காயவில்லை போலிருக்கிறது," என்று கூரன் படகை மேட்டின் உச்சிக்கு, கொளுத்தும் வெயிலுக்கு இழுத்தது. நரியும் கூடையை இழுத்துக்கொண்டு நிழலோடு நகர்ந்தது.

"கவனம் என்றால் உங்கள் கவனம்தான் அண்ணே! போன வருஷம் ஒரு கீரி இப்படிப் பார்க்காமல் புறப்பட்டது. இன்னும் திரும்பி வரவில்லை."

"எந்தக் கீரி?"

"அதுதான் வரவில்லை என்கிறேனே, எப்படிக் காட்டுவது?"

கூரன் இன்னும் இரண்டு முட்களைப் பிடுங்கியது. வெயில் ஏற ஏற இடுக்குகள் பெருகின. 'கறையானோ? யாராவது பலகையை அசைக்கிறார்களோ? இல்லை, என் கைதான் வேலைக்கு ஆகாததோ?' ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிடி பஞ்சு உள்ளே போனது. குட்டியின் கால் நனைந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப, இனிமேல் நுழையாது என்னும் அளவுக்குத் திணித்தது.

ஒரு நாள் தீவிலிருந்து ஆலாப் பறவை வந்தது. "கூரா! எப்போது வருவீர்கள் என்று செம்பி கேட்கிறாள்."

"வந்துவிடுவேன். இன்னும் ஒரே ஓர் இடுக்குதான் என்று சொல்."

சில நாள் கழித்து மறுபடியும் வந்தது. "ஊற்றில் இப்போது சேறுதான் இருக்கிறது. குட்டிகள் கல்லை நக்குகின்றன. எப்போது என்று கேட்கிறாள்."

"நான் சும்மாவா இருக்கிறேன்? இதோ பார், இதையெல்லாம் அடைக்காமல் எப்படி வருவது? போய்ச் சொல்!"

மூன்றாவது முறை வந்த ஆலா கீழே இறங்கவில்லை. தலைக்கு மேலே வட்டமடித்தபடி, "இன்னும் ஓரிரு நாளில் காற்று திரும்பிவிடும்," என்றது.

"செம்பி என்ன கேட்டாள்?"

"ஒன்றும் கேட்கவில்லை."

"ஒன்றுமே கேட்கவில்லையா?"

"ஒன்றுமே கேட்கவில்லை."

கூரன் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டது. ஒரு சுரைக்குடுவை நிறையக் குடிநீர் மொண்டு வந்தது. பிறகு படகில் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கியது.

"அண்ணே, நில்லுங்கள்! மூழ்கிவிடும்!" என்று கத்தியது நரி.

"மூழ்கினால் அவர்கள் இருக்கும் பக்கம் பார்த்து மூழ்குகிறேன். அந்தக் கூடையை எடு."

கூடையில் தோல் மட்டுமே கிடந்தது.

"கிழங்கு கெட்டுப்போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாக ருசி பார்த்தேன்," என்றது நரி. "உங்கள் கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது அண்ணே."

கூரனுக்குச் சண்டை போட நேரமில்லை. படகு சரிந்து கடலில் இறங்கியது. இறங்கியதுமே நாலா பக்கமும் தண்ணீர் பீய்ச்சியது. கூரன் படகைக் கரையோரத்திலேயே கட்டிவிட்டுக் கொட்டாங்கச்சியால் இறைத்தது. இறைத்ததைவிட அதிகமாக வந்தது. அழுதுகொண்டே இறைத்தது. பகல் முழுவதும் இறைத்து, கை ஓய்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டது.

பதறி விழித்தபோது விடிந்திருந்தது. படகு மூழ்கவில்லை. முன்தினம் பீய்ச்சிய இடுக்குகளில் இப்போது ஈரம் மட்டும் மினுங்கியது. கூரன் மூக்கை வைத்துத் தடவிப் பார்த்தது. ஊறப்போட்ட கடலை உப்புவதுபோல் பலகைகள் உப்பி, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

"வெயிலில் காய்ந்துதான் பிளந்ததா? அப்படியென்றால் வெயிலில் போட்டது யார்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டது.

அப்போது 'படீர்' என்று ஒரு சத்தம். அளவுக்கு மீறிப் பஞ்சு திணித்திருந்த இடத்தில், உப்பிய பலகை விரிய இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. கூரன் பழைய பாய்த்துணித் துண்டு ஒன்றைச் சுருட்டி அங்கே அமுக்கி, தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தது. கரையில் இழுத்துப் போட்டால் இதைச் சரிசெய்துவிடலாம். ஆமாம், சரிசெய்துவிடலாம். மனம் அப்படித்தான் சொன்னது. கை கட்டுக்கயிற்றை அவிழ்த்துப் பாயை விரித்தது.

தீவை அடைந்தபோது செம்பி குட்டிகளை அணைத்தபடி கரையிலேயே கிடந்தது. குட்டிகள் சுரைக்குடுவையைப் பிடித்து மூச்சுவிடாமல் குடித்தன. மிச்சமிருந்ததைச் செம்பி குடித்தது. பிறகு குட்டிகளைப் படகில் ஏற்றிவிட்டு, ஊற்றெடுக்கும் பலகையைப் பார்த்தது.

"இத்தனை நாளும் என்ன செய்தீர்கள்?"

"படகைப் பழுதுபார்த்தேன்."

"எந்த இடத்தை?"

கூரன் பாய்த்துணியை இன்னும் அழுத்தி அமுக்கியது. "செம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது," என்றது.

செம்பி கொட்டாங்கச்சியை எடுத்து இறைக்கத் தொடங்கியது. "பாயை விரியுங்கள். போகிற வழியில் பயப்பட்டுக்கொள்ளலாம்."

கச்சான் காற்று முழு வேகத்தில் எழும்பியபோது நான்கும் காட்டுக் கரையில் இறங்கியிருந்தன.

நீதி: வேண்டிய அளவு பழுதுபார்த்துவிட்டுப் புறப்படு; பயம் தீர்ந்த பிறகு புறப்படலாம் என்று காத்திருந்தால், அந்தப் பயமே புதிய பழுதுகளை உண்டாக்கும்.