ஓடக்காரருக்கு மறுத்த பருப்பு

கேளுங்கள், சிறியவர்களே, பெரியவர்களே! ஆற்றுக்குக் கரை கட்டாத அந்தக் காலத்தில், வடகரை நாட்டை வில்லவராயன் என்றோர் அரசன் ஆண்டான். நாட்டுக்கு உழைத்து ஓய்ந்தவர்களுக்காக அவன் ஒரு சோற்றுச்சாலை கட்டினான். கட்டினான், பெயர் வாங்கினான், அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை.

அங்கே முப்பது முதியவர்கள் இருந்தார்கள். எல்லாரிலும் மூத்தவர் ஓடக்காரர் மருதையன். ஒரு பெருவெள்ளத்தில் மூன்று பகல் துடுப்பைக் கீழே வைக்காமல், அரசனின் தந்தையையும் அவர் படையையும் அக்கரை சேர்த்தவர் அவர்.

சாலைக்கு அதிகாரி கோளப்பன். அரண்மனையிலிருந்து நெல்லும் பருப்பும் நெய்யும் குறைவில்லாமல் வந்தன. எல்லாம் எங்கே போயின? முன்கட்டுப் பந்தியில் கோளப்பனின் உறவினர் வயிற்றுக்குப் போயின. பந்தியில் மிஞ்சியதைச் சூடு ஆறுமுன்னே ஓர் அண்டாவில் கொட்டி மூடினார்கள். மறுநாள் உச்சி வெயிலில் அதை முதியவர்களுக்கு இட்டார்கள். மோரோ, ஈயப்பூச்சு போன பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாய்க் களிம்பேறிக் கிடந்தது.

புதிதாய் வேலைக்கு வந்த சமையற்காரி கூத்தாயி ஒருநாள் அந்த மூடியைத் திறந்தாள். வாடை முகத்தில் அறைந்தது. சோற்றைத் தொட்டாள். நூல் விட்டது.

"ஐயா, இது ஊசிப்போன சோறு. மாடுகூட முகத்தைத் திருப்பும்" என்றாள்.

"பழையது உடம்புக்குக் குளிர்ச்சிதானே?" என்று சிரித்தான் கோளப்பன்.

"ஆறிய சோற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி, விடிந்ததும் உண்டால் அது பழையது. நான் அதைக் குடித்து வளர்ந்தவள். எனக்கா தெரியாது?"

மருதையன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தாயி, எழுந்தால் கால் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு கரண்டி பருப்பு கிடைக்குமா?"

"பல் போன வாய்க்குப் பருப்பு எதற்கு? வயதானால் ஒரு பிடி போதும்" என்றான் கோளப்பன்.

கூத்தாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்டாவை அப்படியே கவிழ்த்தாள். அன்றே அவளை முன்கட்டு அடுப்புக்கு மாற்றி, முதியவர்கள் இருந்த பின்கட்டுக்குள் அவள் நுழையாதபடி கதவைப் பூட்டினான் கோளப்பன்.

முதல் வாரம் ஒரு மூதாட்டி நடக்கும்போதே விழுந்தாள். "வயசு" என்றான் கோளப்பன். இரண்டாம் வாரம் இருவர் பாயைவிட்டு எழவில்லை. "வயசு" என்றான். மூன்றாம் வாரம் மருதையனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வெள்ளத்தை வென்றவர் இரண்டே நாளில் செத்துப்போனார். அப்போதும் அந்தப் பாவி "வயசு" என்றான்!

கூத்தாயி கரி படிந்த சேலையோடு அரசவைக்குள் நுழைந்தாள்.

"அரசே, வயது ஒருநாள் எல்லாரையும் கொண்டுபோகும். ஆனால் மருதையனை வயதுக்கு முந்தி உங்கள் பானை கொண்டுபோய்விட்டது."

"என் பானையா?" அரசன் எழுந்தே விட்டான்.

"உங்கள் பெயர் பொறித்த பானை."

கோளப்பனை அழைத்தார்கள். "பொய், அரசே! அது நல்ல சோறு" என்று அவன் சத்தியம் செய்தான்.

"நல்ல சோறென்றால் இவரே உண்ணட்டும். இவருக்கு வயதா ஆகிவிட்டது? மார்பு கதவுபோல் இருக்கிறதே!" என்றாள் கூத்தாயி.

அண்டா சபைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் அமைச்சர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

கோளப்பன் முதல் பிடியை எடுத்தான். "இன்று எனக்கு விரதம்" என்று கீழே வைத்தான். அரசன் முறைத்தான். இரண்டாம் பிடியை உதடுவரை கொண்டுபோனான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் பிடி விரல்களுக்கிடையே வழிய, அரசன் காலில் விழுந்தான்.

"உன் மூக்குக்கு ஆகாதது அவர் வயிற்றுக்கு ஆகுமென்று எப்படியடா நினைத்தாய்?" என்று கத்தினாள் கூத்தாயி. சபையில் ஒருவரும் அவளை அடக்கவில்லை.

கோளப்பன் சிறைக்குப் போனான். சாலை கூத்தாயியின் கைக்கு வந்தது. களிம்பேறிய பாத்திரங்களை வெளியே எறிந்தாள். சோற்றைக் குழைய வடித்தாள். பருப்பைக் கடைந்தாள். முருங்கைக் கீரையை அரைத்துச் சேர்த்தாள், மீனை முள் நீக்கி உதிர்த்தாள். வயிறு சிறிதானவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்தாள். மிஞ்சியதை ஒருநாளும் மறுநாளுக்கு வைக்கவில்லை. பாயில் கிடந்த இருவரில் ஒருவர் இரண்டு மாதத்தில் கிணறுவரை நடந்தார். மற்றவர் எழுந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அவருக்கு உதவி வரத் தாமதமாகிவிட்டது.

அரசன் பொன்வளையல் அனுப்பினான். கூத்தாயி அதைத் தொடவில்லை. "சொல்லாமல் வந்து இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பினாள்.

ஒருநாள் அரசன் அப்படியே வந்தான். வந்தவனைப் பார்த்து முதியவர் ஒருவரும் எழவில்லை. ஒருவரும் வணங்கவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். அரசன் கடைசி இலையில், தலை நிமிராமல் உட்கார்ந்து உண்டான்.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: தான் வாயில் வைக்கத் துணியாத சோற்றை முதியவருக்கு இடுகிறவன், ஆயுதம் எடுக்காமலே கொலை செய்கிறான்.