சடையாண்டிக்காகக் குடித்தவர்கள்

வேலாங்குறிச்சி அறிவுக்குப் பஞ்சமில்லாத ஊர். யாரும் அதை எடுத்துச் செலவழிக்காததால் அப்படியே பத்திரமாக இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மற்ற ஊர்களில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு நிலம் வரும், வீடு வரும், கோர்ட்டுக் கேஸ் வரும். வேலாங்குறிச்சியில் இவற்றோடு சரக்கும் வரும். அப்பன் எதைக் குடித்தானோ அதைத்தான் பிள்ளையும் குடிக்க வேண்டும். பிடிக்கிறதா இல்லையா என்று யோசிப்பது பெரியவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

மொக்கராசின் அப்பாவுக்கு ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தபோது, யாரோ ஒரு டாக்டர் இரண்டு மூடி பிராந்தி குடிக்கச் சொன்னார். சளி போய்விட்டது. பிராந்தி போகவில்லை. மகனும் அதை மருந்து என்றுதான் சொல்வான். குடிப்பதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குவான்.

உக்கிரபாண்டியின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். பனிமலையில் கம்பளி போர்த்திக்கொண்டு ரம் குடித்தவர். அதனால் உக்கிரபாண்டி சித்திரை மாத வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் ரம்மைத் தொடுவான். வியர்வை சொட்டச் சொட்ட, "என்னா குளிரு, என்னா குளிரு" என்பான்.

தவசியின் குடும்பம் பீர்க் குடும்பம். அவன் அப்பா மீசையில் நுரையோடுதான் வீடு திரும்புவார். எனவே தவசி முதலில் நுரையை வழித்து மீசையில் பூசிக்கொள்வான். பிறகுதான் குடிப்பான். பரம்பரை கெட்டுவிடக் கூடாது பாருங்கள்.

இந்த மூன்று மேதைகளுக்கும் உயிர் நண்பன் சடையாண்டி. பாவம், அவனுடைய அப்பா அவன் தொட்டிலில் கிடந்தபோதே போய்விட்டார். என்ன குடித்தார் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, "அந்தக் கருமத்தை ஏண்டா கேக்குற?" என்றாள். சடையாண்டி நேராகக் கடைக்குப் போய், அந்தக் கருமம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டான். கடைக்காரர் அலமாரியைக் காட்டி, "இங்க இருக்கிறது பூராம் அதுதான்யா, எது வேணும்?" என்றார். அவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து அவன் தினமும் சாயங்காலம் நண்பர்களோடு பாரில் போய் உட்காருவான். எதிரில் காலிக் கிளாஸ் ஒன்று இருக்கும். ஊறுகாயை மட்டும் நக்கிக்கொண்டு நாற்பது வயதைத் தாண்டிவிட்டான்.

அவனுக்கு வேறொரு குறையும் இருந்தது. பக்கத்து ஊரில் மாவு மில் நடத்தும் சிலம்பாயியின் மேல் அவனுக்கு உயிர். அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாரா வாரம் மிளகாய் வற்றல் அரைக்கப் போவான். அவன் வீட்டில் ஏழு தலைமுறைக்குக் காணும் மிளகாய்த்தூள் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் தும்மலோடு தும்மலாக மனதில் இருந்ததைச் சொல்லியும்விட்டான். அவள் சிரித்துவிட்டு, "வீட்ல வந்து கேளுங்க" என்றாள்.

புரோக்கர் மாயழகு போய்ப் பேசிவிட்டு வந்தார். "பொண்ணுக்குச் சம்மதம். பொண்ணு வீட்ல நகை கேக்கலை, நட்டு கேக்கலை. மாப்பிள்ளை குடிப்பாரான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக. ஞாயித்துக்கிழமை தாய்மாமன் வீரணன் நேர்ல வாராரு. நறுக்குன்னு பதில் சொல்லிப்புடணும், என்ன?"

இதைக் கேட்டு வேறு ஊர்க்காரன் என்ன புரிந்துகொள்வான் என்பது நமக்குத் தெரியும். வேலாங்குறிச்சிக்காரர்கள் அப்படி மேலோட்டமாகப் புரிந்துகொள்கிறவர்கள் இல்லை. நால்வரும் பாரில் கூடினார்கள்.

"குடும்பம் எப்படின்னு விசாரிக்கிறாக. பிராந்திக் குடும்பமா, பீர்க் குடும்பமான்னு தெரியாம பொண்ணைக் குடுப்பாகளா?" என்றான் மொக்கராசு.

"எனக்குத்தான் எதுன்னே தெரியாதேடா. சிலம்பாயி இல்லைன்னா நான் அந்த மிளகாய்த்தூளைக் கரைச்சுக் குடிச்சுச் செத்துருவேன்" என்று சடையாண்டி அழுதான். உண்மையாகவே அழுதான்.

பார்க்காரருக்கு மனசு இளகிவிட்டது. "இதுக்குப் போயி அழுவாகளா? எது உள்ள போகும்போது உன் மூஞ்சி சுளிக்கலையோ, அதுதான்யா உன் சரக்கு. ஆனா ஒண்ணோட ஒண்ணைக் கலந்துறாத, குடல் வெந்துரும்" என்று சொல்லிவிட்டு ஆம்லெட் போடப் போனார்.

நால்வரும் இந்த உபதேசத்தை நெடுநேரம் ஆராய்ந்தார்கள்.

"மூணு சரக்கையும் சோதிக்கணும். ஆனா ஒரு வயித்துல மூணும் கலக்கக் கூடாது. எப்படிடா?" என்றான் தவசி.

"மூணு வயிறு வேணும்" என்றான் உக்கிரபாண்டி.

"நம்மகிட்ட நாலு இருக்குல்ல?"

எல்லோரும் தவசியை மரியாதையோடு பார்த்தார்கள். நட்பு என்பது இதற்குத்தானே? சடையாண்டிக்காக மொக்கராசு பிராந்தி குடிப்பது, உக்கிரபாண்டி ரம் குடிப்பது, தவசி பீர் குடிப்பது என்று மூவரும் அவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். இத்தனை நாளும் அவர்கள் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்றாலும், அது சொந்த விஷயம். இது தியாகம்.

முதலில் மொக்கராசு பிராந்தியைக் குலுக்கிவிட்டு ஒரே மடக்காகக் குடித்தான். மூவரும் சடையாண்டியின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். துளிக்கூடச் சுளிக்கவில்லை.

"பிராந்தி ஒத்துக்கிருச்சு!" என்று கத்தினான் மொக்கராசு.

அடுத்து தவசி பீர் குடித்தான். சடையாண்டியின் முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பீரும் ஒத்துக்கொண்டது. அடுத்து உக்கிரபாண்டி மஃப்ளரை இறுக்கிக்கொண்டு ரம்மை வாயில் வைக்கவும், சடையாண்டி பதற்றத்தில் எலுமிச்சை ஊறுகாயின் விதையைக் கடிக்கவும் சரியாக இருந்தது. முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"ரம் ஆகாது!" என்றார்கள் மற்ற இருவரும்.

உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா தேசத்துக்காகக் குடிச்ச சரக்குடா இது. அதைப் பாத்தா மூஞ்சியச் சுளிக்கிற?"

மனசு கேட்காமல் மறுநாளும் சோதித்தார்கள். அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா வருவதற்குள் கடைசியாக ஒரு முறை சரிபார்த்துவிடுவோம் என்று முந்தின நாள் வாங்கிவைத்ததையும் குடித்துவிட்டு, மூவரும் சடையாண்டியின் வீட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றார்கள்.

வீரணன் வந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை குடிப்பாரா?"

சடையாண்டி திரும்பி நண்பர்களைப் பார்த்தான். நண்பர்கள் விடுவார்களா?

"குடிப்பாராவா? நேத்து மட்டும் நாலு பீரு, மாமா!" என்றான் தவசி.

"பிராந்தியில முக்கால் பாட்டிலு. அது மருந்து, கணக்குல சேராது" என்றான் மொக்கராசு.

"ரம்மும் குடிக்கிறாரு மாமா. என்ன, மூஞ்சியைத்தான் சுளிக்கிறாரு. போகப் போகச் சரியாயிரும்" என்றான் உக்கிரபாண்டி.

வீரணன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். சடையாண்டிக்குத் தன் வாழ்க்கையே வாசற்படி இறங்கிப் போவது தெரிந்தது. ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, என்ன தப்புன்னு சொல்லிட்டுப் போங்க மாமா!"

வீரணன் குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு சந்தேகத்தோடு, "ஊதுய்யா" என்றார்.

சடையாண்டி ஊதினான். ஊறுகாய் வாசனை வந்தது. இன்னொரு முறை ஊதச் சொன்னார். அதே ஊறுகாய்தான்.

நண்பர்கள் நடுங்கிப்போனார்கள். இத்தனை நாள் உழைப்பும் வாசனையில்லாமல் போய்விட்டதே!

"மாமா, அவன் வாசனை எங்ககிட்ட இருக்கு!" என்று தவசி பாய்ந்து வந்து அவர் முகத்தில் ஊதினான். மொக்கராசும் ஊதினான். உக்கிரபாண்டி மஃப்ளரை அவிழ்த்துவிட்டு அடிவயிற்றிலிருந்து ஊதினான். வீரணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நின்றிருந்தால் விழுந்திருப்பார்.

மூச்சு வந்ததும் கேட்டார். "அப்ப இவரு குடிச்சது?"

"அவன் குடிச்சது பூராம் எங்க வயித்துலதான் மாமா இருக்கு. பொட்டுக்கூட வெளிய போகலை" என்றான் தவசி.

வீரணன் நல்ல ஊர்க்காரர். கணக்குப் போட்டுப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. போட்டு முடித்ததும் மீசை துடிக்கச் சிரித்தார். "எனக்குப் பூரண சம்மதம் மாப்பிள்ளை. எங்க குடும்ப வழக்கம் ஒண்ணு இருக்கு. எங்க வீட்டு மாப்பிள்ளை எவனா இருந்தாலும், இனிமே குடிக்க மாட்டேன்னு கருப்பசாமி கோயில்ல சத்தியம் பண்ணிக் கையில கயிறு கட்டிக்கணும். அந்தக் கயிறு கட்டுன கைதான் எங்க பொண்ணுக்குத் தாலி கட்டணும். கட்டிக்கிட்டு வாங்க, பரிசம் போட்டுருவோம்."

நால்வரும் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு, "எத்தனை வருசமாக் குடிக்கிற?" என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலை, சாமி" என்றான் சடையாண்டி.

பூசாரி கயிற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "குடிக்காதவனுக்கு எதுக்குடா கயிறு? இல்லாததை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணினா கருப்பு சும்மா விடுவாரா? போ, போ."

கருப்பசாமிக்குப் படைத்த சாராய பாட்டில்கள் பீடத்தில் வரிசையாக இருந்தன. அவர் எதுவும் சொல்லவில்லை.

புளியமரத்தடியில் மறுபடி ஆலோசனை.

"இவனுக்காகக் குடிச்சது நாங்கதான். நாங்க கட்டிக்கலாமா?" என்று கேட்ட மொக்கராசு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். அப்பன் சொத்தை அப்படிச் சட்டென்று விட்டுவிட முடியுமா?

"வழி ஒண்ணுதான். விடணும்னா, அவன் முதல்ல குடிகாரனாகணும்" என்றான் தவசி.

தவசியின் மடியில் எப்போதும் ஒரு பீர் இருக்கும். அதைத் திறந்தான். முகம் சுளித்துவிடக் கூடாது என்று மொக்கராசு ஒரு கன்னத்தையும் உக்கிரபாண்டி மறு கன்னத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தவசி ஊற்றினான். சிலம்பாயியை நினைத்துக்கொண்டு சடையாண்டி கண்ணை மூடி விழுங்கினான்.

லேசான கசப்பு. பின்னாலேயே ஒரு குளிர்ச்சி. வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் மேலே ஏறி மூக்கு வழியாக வந்தது. சடையாண்டி கண்ணைத் திறந்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கன்னத்தை விடுங்கடா. இதுதாண்டா என் சரக்கு! அப்பா... இதுதானாப்பா?"

நால்வரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இத்தனை வருடமாகத் தேடிய பரம்பரை கிடைத்துவிட்டது. மீதி பாட்டிலையும் அவனே குடித்தான். சத்தம் கேட்டு வந்து பார்த்த பூசாரிக்குப் பரம திருப்தி. "இப்பத்தாண்டா நீ சரியான குடிகாரன். பண்ணு சத்தியம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றைக் கட்டிவிட்டார். நுரை இன்னும் அவன் மீசையில் காயவில்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. சடையாண்டி கருப்பசாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். நண்பர்கள் சடையாண்டிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். கயிறு அவன் கையில்தானே இருக்கிறது? அவனுக்குப் பிடித்தது எதுவென்றும் தெரிந்துவிட்டது. ஆகவே மூவரும் தங்கள் பரம்பரையைக்கூட ஒரு நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பெட்டி பெட்டியாக அவனுக்காகப் பீர் குடித்தார்கள். மணவறையில் மாப்பிள்ளை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான்.

மறுநாள் காலையில் சடையாண்டி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, தலைவலியா?" என்றாள் சிலம்பாயி.

"மண்டை பிளக்குது, சிலம்பு. பாவிப் பயலுக, நேத்து எனக்காக அளவு தெரியாமக் குடிச்சுட்டானுக."

சிலம்பாயி அவனைப் பார்த்தாள். கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். மில்லில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவள் அவள். நேராக அடுப்படிக்குப் போய், ஒரு செம்பு நிறைய மோர் கரைத்துக் கொண்டுவந்தாள். அவனுக்கு எதிரில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, மடமடவென்று முழுவதையும் தானே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

சடையாண்டி கண்ணை மூடிச் சப்புக்கொட்டிப் பார்த்தான்.

"இப்பத் தேவலை. உப்புத்தான் ஒரு கல்லு கூடிப்போச்சு."